போதும் அக்காவின் ஒரு நாள் லீவு

என் மனைவிக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். நானும் கோபம் வந்தால்தான் கூப்பிடுவேன். படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் 'போதும் அக்கா'. அவளைவிட வயதில் மூத்தவன் எங்கள் படகோட்டி, சுக்கான் என்றால்தான் அவனை யாருக்கும் தெரியும். அவன்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். பட்டம் கொடுத்தது யாரென்று தெரியாது. ஏன் கொடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஸ்கூபா டைவ் செய்ய வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் கடை ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிறோம். முன்னறையில் முகக்கண்ணாடிகளும் ரப்பர் உடுப்புகளும் கொடியில் தொங்கும். பின்னால் தகரக் கொட்டகையில் நானும் என் கம்ப்ரசரும். சிலிண்டருக்குக் காற்று அடைப்பது என் வேலை. நடுச்சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. அது அவளுடைய ராஜ்ஜியம். யார் எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், மேலே வந்தபிறகு எவ்வளவு நேரம் சும்மா உட்கார வேண்டும் எல்லாவற்றையும் அவள் அதில் எழுதுவாள். எழுதிவிட்டு அவளே கூட இறங்கிக் கூட்டிக்கொண்டும் போவாள். அவள் 'போதும்' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த ஆளுக்குக் கடல் பூட்டியாகிவிட்டது என்று அர்த்தம். முதலாளி வந்து சிபாரிசு செய்தாலும் சாவி கிடைக்காது.

புதிதாக வருகிறவர்களை "வாங்க, உட்காருங்க" என்று சொல்வதற்கு முன்னால் அவள் கேட்கிற கேள்வி, "உங்க ப்ளேன் எப்போ?"

வந்ததும் வராததுமாகத் துரத்துகிறாளே என்று சிலருக்கு முகம் சுருங்கும். அவள் கண்டுகொள்ள மாட்டாள். பலகையின் அடியில், கடைசி வரியாக, விமான நேரத்தை முதலில் எழுதுவாள். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவாள். மற்றவர்கள் காலையில் ஆரம்பித்து நாளைப் போடுவார்கள். இவள் போகிற நேரத்தில் ஆரம்பித்துத் திரும்பி வருவாள். விமானத்துக்கு முன்னால் ஒரு முழு நாளைச் சும்மா விட்டுவிடுவாள். அவ்வளவு வேண்டாமே, புத்தகத்தில் அதைவிடக் குறைவாகத்தானே போட்டிருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்.

"புத்தகம் எழுதினவர் உங்களை நம்பி எழுதியிருக்கார். சாயங்காலம் ப்ளேன்னு சொல்றவங்க டிக்கெட்டை வாங்கிப் பாத்தா மத்தியானம்னு போட்டிருக்கு. நான் இங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன்" என்பாள். கேட்டவர் அசடு வழிவார்.

ஏன் இந்தக் கெடுபிடி என்பதற்கும் அவளிடம் ஒரு விளக்கம் உண்டு. காற்றில் இருக்கிற ஒரு வாயு, ஆழத்தில் இருக்கும்போது உடம்புக்குள் ஊறிக்கொண்டே போகும். மேலே வந்தால்தான் மெல்ல மெல்ல வெளியே போகும். அவசரப்பட்டால் உடம்புக்குள்ளேயே குமிழ் கட்டும். மூட்டு வலியில் ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் படம் போட்டு விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவளுக்குக் கொடியில் தொங்கும் உடுப்பே போதும்.

"உடம்பும் துணி மாதிரிதாங்க. கீழ போனா ஊறும். மேல வந்தா காயும். காயறதுக்குள்ள மறுபடி நனைக்காதீங்க. ஈரத்தோட மடிச்சுப் பெட்டியில வெச்சு ஊருக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க."

அதன்பிறகு யாரும் விளக்கம் கேட்பதில்லை. அன்றைய நாளில் மிக ஆழமான டைவ் முதலில். அடுத்தது அதைவிட மேலே. கடைசியில் விளையாட்டுப்போல ஓர் இடம். நடுநடுவே 'காயற நேரம்': நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும், ரொட்டி, பழம் சாப்பிட வேண்டும், ஊர்க்கதை பேச வேண்டும். முந்தின நாள் குடித்துவிட்டு வந்தவர்களை மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவர்களுக்குப் படகில் இடம் உண்டு, சிலிண்டர் கிடையாது.

ஒருமுறை ஒரு மனிதர் வந்தார். ஒரு நாள்தான் லீவாம், ஐந்து டைவ் அடித்தே தீருவேன் என்று நின்றார். பேரம் பேசினார், கெஞ்சினார், கடைசியில் குரலையும் உயர்த்தினார். "லீவு உங்களுக்குத்தாங்க. உங்க ரத்தத்துக்கு லீவு இல்ல" என்று சொல்லி, பலகையில் மூன்று வரி எழுதிப் பேனாவை மூடினாள். மூன்றாவது டைவ் முடிந்து வரும்போது அந்த மனிதர் படகில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தார். அவர்மேல் வெயில் படாமல் இவள் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டிப்பும் கரிசனமும் அவளுக்கு ஒரே கையில்தான்.

வீட்டிலும் இதே ராஜ்ஜியம்தான். சண்டை வந்தால் இருப்பதிலேயே ஆழமான விஷயத்தை முதலில் எடுப்பாள். ஒரு சுற்று முடிந்ததும் மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வருவாள். இரண்டாவது சுற்று கொஞ்சம் மேலாக இருக்கும். மூன்றாவதில் டீயில் சர்க்கரை கூடிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இத்தனை வருஷத்தில் கோபத்தோடு நாங்கள் தூங்கப் போனதில்லை என்றால் அதற்கு அவளுடைய இந்தக் கணக்குதான் காரணம். நான் சட்டென்று கொதிக்கிற ஆள். என்னிடம் விட்டிருந்தால் குடும்பம் எப்போதோ குமிழ் கட்டியிருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். எக்ஸ்ரே எடுக்கிற படிப்புப் படித்தவள். வயது இருபத்தாறு ஆகியும் வீட்டில் பாப்பாதான். பத்து வயதில் அம்மாவோடு கடலுக்குள் இறங்கினாள், அன்றிலிருந்து மீன் குட்டிதான். மேலே வந்ததும் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு ஓடிவந்து என்னிடம் கேட்பாள்: "அப்பா, நீ எப்ப வருவே?"

"நாளைக்கு."

அந்த நாளை பதினாறு வருஷமாக வரவில்லை. எனக்குக் கடலுக்குள் இறங்கப் பயம். ஏன் என்று கேட்காதீர்கள். முங்கிப்போன சொந்தக்காரர்கள் யாரும் எனக்கு இல்லை. சின்ன வயதில் யாரும் என்னைக் கிணற்றில் தள்ளிவிடவும் இல்லை. பயப்படக் காரணம் வேண்டுமென்றால் உலகத்தில் பாதிப் பேர் பயப்படவே முடியாது. ஊருக்கெல்லாம் காற்று அடைத்துக் கொடுப்பேன், அதில் ஒரு மூச்சுகூட நான் கடலுக்குள் இழுத்ததில்லை. சர்க்கரை விற்கிறவனுக்குச் சர்க்கரை வியாதி என்பது மாதிரி, சிலருடைய தலையெழுத்து அப்படி.

இந்த வருஷம் பாப்பாவுக்குத் தொலைதூரத்தில், பனி கொட்டுகிற ஓர் ஊரில் வேலை கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு லீவு என்ற பேச்சே கிடையாதாம். கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தவளின் நாட்களை ஊசி போடுவது, பல் பார்ப்பது, அத்தை வீடு, சித்தி வீடு என்று ஆளுக்கு ஒரு துண்டாகப் பிய்த்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஒரு நாள். அந்த ஒரு நாளைக் கடலுக்கு என்று ஒதுக்கினாள். என் மனைவி, அத்தனை வருஷத்தில் உடம்பு சரியில்லாத நாட்களைத் தவிர லீவே எடுக்காதவள், முதலாளியிடம் போய் லீவு கேட்டாள். அவர் ஆச்சரியத்தில் காரணம் கேட்கவே மறந்துவிட்டார்.

மற்றவர்களின் லீவு நாளைத் திட்டம் போட்டே கை தேய்ந்தவள், தன் லீவு நாளைத் திட்டம் போட மூன்று ராத்திரி எடுத்துக்கொண்டாள். அடி வரியில் மறுநாள் சாயங்கால விமானம். மேலே மூன்று டைவ். காலையில் பெரிய பாறை. பாப்பா பெரியவளானதும் முதன்முதலில் ஆழத்துக்குப் போன இடம் அது. காய்ந்தபிறகு சரிவு. அதற்கப்புறம் தொட்டில்.

சரிவு என் மனைவியின் ஆசை. அங்கே பாறைப் பொந்து ஒன்றில் பேய்க்கணவாய் ஒன்று குடியிருந்தது, எட்டுக்கை ஆக்டோபஸ். வாசலில் சிப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, யார் எட்டிப் பார்த்தாலும் ஒரு சிப்பியை இழுத்துப் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் முறைக்குமாம். அதற்கு இவள் வைத்த பெயர் மாமியார். படிக்கப்போன இடத்திலிருந்து பாப்பா போன் செய்யும்போதெல்லாம் மாமியார் செய்தி இருக்கும். "இன்னைக்கு மாமியார் நண்டு சாப்பிட்டாங்க." "மாமியார் வாசல்ல பாட்டில் மூடி வெச்சிருக்காங்க, ரொம்ப நாகரிகம் முத்திப்போச்சு." பாப்பா அங்கே சிரிப்பாள், இவள் இங்கே சிரிப்பாள், நடுவில் நான் டிவியின் சத்தத்தைக் குறைப்பேன். ஒருநாள் உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன் என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் போனை வைப்பாள்.

தொட்டில் என்பது படகுத்துறைக்குப் பக்கத்தில், அலை அடங்கிக் கிடக்கும் சின்ன வளைகுடா. ஆறு மீட்டர்தான் ஆழம். அடியில் மணல். பார்க்க ஒன்றும் இல்லை. அந்த வரியில் அவள் எழுதியிருந்தது மூன்று பேர்: அம்மா, பாப்பா, அப்பா.

ஆமாம், ஒத்துக்கொண்டுவிட்டேன். பாப்பாவுக்கு வேலை கிடைத்த அன்றைக்கு வாய் தவறி "சரி, நானும் வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து கடை மூடியபிறகு கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பயிற்சித் தொட்டியில் எனக்குப் பாடம். டாக்டரிடம் காட்டிக் காது, நெஞ்சு எல்லாம் சரி என்று எழுதி வாங்கினாள். தொட்டியில் என்னை விருந்தாளியைப்போலவே நடத்தினாள். "மூச்சை அடக்காதீங்க சார். என்னைப் பாருங்க சார்." கட்டின புருஷனை சார் என்று கூப்பிட்டால் கோபப்படவா சிரிக்கவா? முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றக் கற்றுக்கொள்வதற்குள் பாதித் தொட்டியைக் குடித்துவிட்டேன். அவள் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அந்த நாள் வந்தது. வெயில் ஏறுவதற்குள் பெரிய பாறைக்குப் போனோம். அம்மாவும் மகளும் இறங்கினார்கள். நானும் சுக்கானும் மேலே குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வரிசைக் குமிழ்கள், பக்கத்துப் பக்கத்தில். சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி ஏறி வந்தார்கள். பாப்பா வாயெல்லாம் பல்லாக இருந்தாள். தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு, என் மனைவி படகைச் சின்னத் தீவின் நிழலுக்கு விடச் சொன்னாள். காயற நேரம் ஆரம்பித்தது.

நிழலுக்குப் போனதும் போனுக்கு உயிர் வந்தது. பாப்பா அதைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, ப்ளேன் நேரத்தை மாத்திட்டாங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்காம்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் மனசுக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா, தொட்டிலிலிருந்து தப்பித்தேன் என்றுதான் வந்தது. கடைசி டைவ்தானே முதலில் போகும்.

என் மனைவி படகுக்கென்று வைத்திருக்கும் சின்னப் பலகையை மடியில் வைத்தாள். அடி வரியை ஈரக் கையால் துடைத்துவிட்டுப் புது நேரத்தை எழுதினாள். விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள். முழு நாள் விட வேண்டும் என்ற அவளுடைய சட்டப்படி பார்த்தால், அந்த நிமிஷமே பாப்பாவுக்குக் கடல் பூட்டியாகிவிட்டது.

பாப்பாவும் எண்ணினாள். அம்மாவுக்குத் தப்பாத பிள்ளை. "அம்மா, குறைஞ்சது பதினெட்டு மணி நேரம் இருந்தாப் போதும்னுதானே புத்தகத்துல இருக்கு? மத்தியானம் மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வேகமாப் போனா ரெண்டையும் முடிச்சிரலாம்."

"புத்தகம் குறைஞ்சது எவ்வளவுன்னு சொல்லுது. நான் உன் அம்மா."

"அப்ப ஒண்ணுமே கிடையாதா?"

என் மனைவி மகளைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். பலகையில் மிச்சமிருந்த இரண்டு டைவ் வரிகளையும் பார்த்தாள். விருந்தாளிகளின் வாயை நம்பாமல் அவள் கூடுதலாகச் சேர்த்து வைக்கிற அந்த நேரம் இப்போது தனக்கே தேவைப்படுகிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் தயங்கி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஒண்ணு. நல்லாக் காஞ்சப்புறம் ஒண்ணே ஒண்ணு. பன்னண்டு மணிக்கெல்லாம் தண்ணிக்கு மேல வந்திரணும். அதோட சரி."

ஒன்று என்றால் எது? அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதுதான் படகின் நடுவில் உட்கார்ந்திருந்தது. சரிவுக்குப் போனால் தொட்டில் இல்லை. தொட்டிலுக்குப் போனால் மாமியார் இல்லை. எனக்கு அப்போது மனைவியின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. என் பயம் என்ன, அவளுடைய ஆசை என்ன, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

"நீங்க ரெண்டு பேரும் சரிவுக்குப் போயிட்டு வாங்க. ஆழமாவும் இல்ல, நேரமும் சரியா இருக்கும். நான் படகுல இருக்கேன்" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "இது பாசமா, பயமா?"

"ரெண்டும்தான்" என்றேன். பொய் சொல்லி அவளிடம் யார் தப்பித்தது?

அவள் சிரித்தாள். பிறகு கட்டைவிரலால் ஒரு வரியைத் துடைத்தாள். துடைத்தது சரிவை.

"அம்மா! மாமியார்?" என்றாள் பாப்பா.

"மாமியாரைச் சமாளிச்சுப் பழகினவ நான். அவங்களை நான் பாத்துக்கறேன். உங்கப்பா தண்ணிக்குள்ள இறங்கறதைத்தான் இந்தக் கடலே இதுவரைக்கும் பாத்ததில்ல."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குத் தெரியும். அந்த ஜாதிப் பிராணிக்கு ஆயுசு கொஞ்சம்தான், மூன்று வருஷமெல்லாம் தாங்காது என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். பாப்பா திரும்பி வரும்போது அந்தப் பொந்தில் சிப்பிதான் கிடக்கும். அத்தனை நாள் போனில் சேர்த்து வைத்ததை ஒரு கட்டைவிரலால் துடைத்துவிட்டு, துடைத்த விரலைப் புடவைத் தலைப்பே இல்லாத ரப்பர் உடுப்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டிலுக்கு வந்து படகைக் கட்டினோம். காய்கிற நேரம் முடியும்வரை பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். அவளுக்கு ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வாய் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஆறு மீட்டர்தான். இதெல்லாம் ஒரு ஆழமா?" என்றான் சுக்கான்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னடா?" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

சிலிண்டரை முதுகில் மாட்டினார்கள். எனக்கென்று நானே அடைத்தது. காற்றின் அளவைக் காட்டும் முள் உச்ச எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த என் மனைவி புருவத்தைத் தூக்கினாள். கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காதில் அழுத்தம் வரும்போதெல்லாம் மூக்கைப் பிடித்து ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். மேலே பாப்பா, எதிரே அவள். மணலில் முழங்கால் பட்டது. முதல் முழு மூச்சை இழுத்தேன்.

வாசனையே இல்லை. எண்ணெய் வாடை இல்லை, ரப்பர் வாடை இல்லை, புகை இல்லை. நல்ல காற்றுக்கு மணமே இருக்கக்கூடாது. அதற்காகத்தான் காற்று அடிக்கும் திசை பார்த்துக் குழாயைத் திருப்பி வைக்கிறேன், வடிகட்டியை மாற்றுகிறேன், ஈரத்தை வடிக்கிறேன். என் வேலை எவ்வளவு சுத்தம் என்று என் மூக்குக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நிமிஷம் கர்வமாக இருந்தது.

அடுத்த நிமிஷம் ஒரு சத்தம் கேட்டது. புஸ்ஸென்று, என் காதுக்குப் பக்கத்திலேயே, நின்று நின்று. வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான் நான் தேடித் தேடிக் கொன்றிருக்கிறேன். சிலிண்டரிலிருந்து அப்படிக் கேட்டால் கசிவு. கசிவு என்றால் வால்வை மூடு. சோறு சாப்பிடக் கை வாய்க்குப் போவதுபோல என் கை தலைக்குப் பின்னால் போய், வால்வைப் பிடித்துத் திருக ஆரம்பித்துவிட்டது.

தொட்டியில் பழகும்போது பக்கத்தில் மறுநாளைக்காகக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் இதை நான் கேட்டதே இல்லை. அது கசிவும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் விடுகிற மூச்சு. என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு என் மூச்சையே நான் அடைக்கப் பார்த்திருக்கிறேன். காற்று அடைக்கிறவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வராது.

கால் சுற்றுத் திருகுவதற்குள் ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. இழுக்கவில்லை, தட்டிவிடவில்லை, அழுத்திப் பிடித்தது. என் மனைவி நான் திருகினதைத் திரும்பத் திறந்துவிட்டாள். பிறகு முகத்துக்கு நேராக வந்தாள். தன் குமிழைக் காட்டினாள். என் குமிழைக் காட்டினாள். இரண்டும் ஒன்றுதான் என்று இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். கண்ணாடிக்குள் அவள் கண் சிரித்தது. அவள் பிடித்த கையை அதற்கப்புறம் விடவே இல்லை.

பார்க்க ஒன்றும் இல்லாத இடம் என்று சொன்னேனே, அது தப்பு. மணல் வரிவரியாக இருந்தது. விரல் நீளத்துக்கு நாலைந்து மீன்கள் எங்கள் படகின் நிழலை விட்டு வெளியே போகாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பாப்பா எனக்கு வேடிக்கை காட்டத் தலைகீழாக நின்றாள், குட்டிக்கரணம் போட்டாள், மணலில் கிடந்த காலிச் சிப்பி ஒன்றை எடுத்து வந்து முகத்துக்கு முன்னால் பாதி மறைத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தாள். மாமியார்! என் மனைவியின் குமிழ்கள் குபுகுபுவென்று ஒன்றாகக் கிளம்பின. தண்ணீருக்குள் சிரித்தால் அப்படித்தான் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பத்து வயதிலிருந்து அந்தப் பிள்ளை நான் அடைத்த காற்றைத்தான் கடலுக்குள் மூச்சாக இழுத்திருக்கிறாள். அதை ஒருநாளும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையும், வெள்ளைக் குமிழ்கள் வரிசையாக மேலே போவதையும் பார்த்தேன். பெற்ற வயிறு என்று அம்மாக்களுக்குத்தான் சொல்வார்கள். எனக்கும் ஏதோ ஒன்று பெற்றமாதிரி வலித்தது. பதினாறு வருஷம் நாளைக்கு நாளைக்கு என்று சொன்னதில் எத்தனை நாளை தொலைத்திருக்கிறேன்!

கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி கட்டைவிரலை மேலே காட்டினாள். ஏறலாம் என்பதற்கு அதுதான் சைகை. கயிற்றைப் பிடித்து ஏறினோம். பாதியில், மூன்று மீட்டரில், உள்ளங்கையை விரித்து 'நில்லுங்க' என்றாள். ஆழத்திலிருந்து வருகிறவர்கள் மேலே போவதற்கு முன்னால் மூன்று நிமிஷம் நின்று காய வேண்டும், அது வழக்கம். ஆறு மீட்டருக்கு அது தேவையில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் அவள் சொன்னால் மறுபேச்சு உண்டா? மூன்று பேரும் ஒரே கயிற்றில், கொடியில் துணி தொங்குவதுபோலத் தொங்கினோம்.

மூன்று நிமிஷம் ஆனது. பாப்பா கைக்கடிகாரத்தைக் காட்டினாள். என் மனைவி என் சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள். அவளுடையதைப் பார்த்தாள், மகளுடையதைப் பார்த்தாள். மறுபடி உள்ளங்கையை விரித்தாள். நில்லுங்க. திரும்பவும் மூன்று நிமிஷம். மறுபடி முள். மறுபடி உள்ளங்கை. ஒரு கையில் என் கை, மறு கையில் மகளின் கை, கயிறு அவள் முழங்கை மடிப்பில். பாப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் கடிகாரத்தைக் காட்டவில்லை. நான் அந்தப் பாதி நீலத்தில் எங்கள் மூன்று பேரின் குமிழ்கள் ஒன்றோடொன்று கலந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் எங்கே போனது என்று தேடிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

காற்று இதற்குக் கீழே குறையக்கூடாது என்று அவள் வைத்திருக்கும் எல்லைக்கு என் முள் வந்தபோதுதான் மேலே கூட்டிப்போனாள். தலை தண்ணீரை விட்டு வெளியே வந்தது. பன்னிரண்டு என்று சொன்னவள் அரை மணி நேரம் தாண்டியிருந்தாள். புத்தகக் கணக்குக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அவள் கணக்குக்குத்தான் தாண்டியிருந்தது. ஒரு நாளும் அவள் தன் பலகையை இப்படி மீறியதில்லை.

"என்னம்மா இது? ஆறு மீட்டருக்கு நிக்கவே வேண்டாமே. எதுக்கு அவ்வளவு நேரம்?" என்றாள் பாப்பா. கேட்கும்போதே அவள் குரல் உடைந்தது.

என் மனைவி முகக்கண்ணாடியைக் கழுத்துக்கு இறக்கினாள். கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சுக்கான் படகின் விளிம்பில் குனிந்து, ஏணியை இறக்கிக்கொண்டே வழக்கமான கிண்டலோடு கேட்டான். "என்னக்கா, போதுமா?"

அவள் கயிற்றை விடாமல், மகளின் கையையும் விடாமல், அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"போதல" என்றாள்.

சொல்லிவிட்டு, மகளின் கையை எடுத்து ஏணியில் வைத்து, அவளை முதலில் மேலே ஏற்றிவிட்டாள்.